வீட்டுக்குள் மண்ணில்லாக் கீரைத் தோட்டம்: எந்த அமைப்பு யாருக்குப் பொருந்தும்?

மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் அமைப்பு வாங்கக் கிளம்பும் பலர், எத்தனை செடி வைக்கலாம், என்ன விலை என்ற இரண்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குள் கீரையும் மூலிகையும் வருமா வராதா என்பதை முடிவு செய்பவை வேறு. தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது, கரண்ட் போனால் வேர் எவ்வளவு நேரம் தாங்கும், இலைமேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், விளம்பரத்தில் பார்க்கும் மாடல்களில் பெரும்பாலானவை தாமாகவே கழிந்துவிடும்.

முதலில் தண்ணீர்ச் சூடு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் கொண்டுதான் மூழ்கிய வேர் மூச்சு விடுகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம்தான். சூடு ஏறினால் வேரின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் கிருமிக்கும் இந்தச் சூடுதான் வசதி. சாலட் கீரையான லெட்டூஸுக்கு 18 முதல் 24 டிகிரி வரை உள்ள தண்ணீர் நல்லது. 28ஐத் தாண்டினால் வளர்ச்சி தடுமாறும். 30க்கு மேல் சில நாள் நீடித்தால், வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகிக் கொழகொழத்து நாற்றமடிக்கும். அந்த நிலைக்கு வந்த செடியைக் காப்பாற்றப் பார்ப்பதைவிடப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தொட்டியைக் கழுவுவது மேல்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். செடி வைக்க நினைக்கும் இடத்தில் 15 லிட்டர் தண்ணீருடன் ஒரு மூடிய வாளியை வைத்து, மாலை 4 மணிக்கும் காலை 6 மணிக்கும் ஒரு வாரம் வெப்பநிலையை அளந்து பாருங்கள். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் தெர்மாமீட்டர் போதும். மேற்குச் சுவரை ஒட்டிய அறைக்கும் நடு ஹாலுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும். சமையலறை மேடைதான் பலரின் முதல் விருப்பம். அடுப்புச் சூட்டால் பல வீடுகளில் அதுதான் மோசமான இடம்.

அடுத்து வெளிச்சம். ஜன்னலோரம் பிரகாசமாகத் தெரிந்தாலும், நம் கண் குறைந்த ஒளிக்குப் பழகிக்கொள்வதால் அதை நம்பக் கூடாது. செல்பேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் ஒரு செயலியை வைத்து இலை மட்டத்தில் அளந்தால், நேர்வெயில் விழாத ஜன்னலில் ஒரு மீட்டர் தள்ளி சில நூறு லக்ஸ்தான் காட்டும். லெட்டூஸ், பேசில் (இத்தாலியத் துளசி) போன்றவை தினமும் 14 முதல் 16 மணி நேரம், வெள்ளை எல்இடி ஒளியில் சுமார் 14,000 லக்ஸ் கேட்கும். செடி விளக்கு விற்பவர்களின் கணக்கில் இது ஏறத்தாழ 200 மைக்ரோமோல். செல்பேசி அளவு துல்லியமானதல்ல; ஆனால் 3,000க்கும் 14,000க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும்.

ஊதா நிற விளக்குதான் வேண்டும் என்றில்லை. சாதாரண 4 அடி, 20 வாட், 6500 கெல்வின் எல்இடி டியூப்லைட் ஒவ்வொன்றும் சுமார் 2,000 லூமன் தரும். 4 அடி நீளம் 1 அடி அகலமுள்ள ஒரு தட்டுக்கு மேல் நான்கு டியூப்பை இலையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் கட்டினால் 14,000 லக்ஸைத் தொட்டுவிடலாம். தட்டின் மூன்று பக்கமும் வெள்ளை ஃப்ளெக்ஸ் ஷீட் அல்லது வெள்ளைத் தெர்மாகோலை நிறுத்தினால் சிதறும் ஒளியும் செடிக்கே திரும்பும். இதற்கு 80 வாட். 16 மணி நேரத்தில் 1.28 யூனிட், இரண்டு மாதத்தில் சுமார் 77 யூனிட். மின்கட்டணம் ஏற்கெனவே இரு மாதத்துக்கு 450 யூனிட்டைத் தொடும் வீடு என்றால் யோசியுங்கள். தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளில் 500ஐத் தாண்டியதும் கீழ் அடுக்குகளுக்கான கட்டணமும் மாறுவதால், கூடும் தொகை 77 யூனிட்டுக்கு உரியது மட்டுமல்ல. டைமர் பிளக்கை மாலை 6 மணி முதல் காலை 10 மணி வரை எரியும்படி வைத்தால், விளக்கின் சூடு பகல் வெக்கையோடு சேராது.

பம்பே இல்லாத பெட்டி

ஹவாய் பல்கலைக்கழகத் தோட்டக்கலை அறிஞர் பெர்னார்ட் கிராட்கியின் பெயரால் அழைக்கப்படும் முறை இது. ஒரு மூடிய பெட்டி நிறையச் சத்துக் கரைசல். மூடியில் துளையிட்டு அதில் செடி. செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈரமான காற்றுவெளி உண்டாகும். அந்த வெளியில் தொங்கும் மேல்வேர் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பம்ப் இல்லை, சத்தம் இல்லை, கரண்ட் போனாலும் வேருக்கு எதுவும் ஆகாது. சமவெளி ஊர்களில் முதல்முறை தொடங்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சரியான தேர்வு.

பிளாஸ்டிக் டப்பாவைவிட, பழக்கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டி சிறந்தது. அறை சூடானாலும் உள்ளே தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். வெள்ளைத் தெர்மாகோல் கொஞ்சம் ஒளியை உள்ளே விடும், பாசி பிடிக்கும். அதனால் உட்புறம் கறுப்புப் பாலித்தீன் ஷீட்டை விரித்து விளிம்பில் டேப் ஒட்டுங்கள். கசிவுக்கும் அதுவே தடுப்பு. 20 லிட்டர் பெட்டியில் ஐந்து லெட்டூஸுக்கு மேல் வைக்காதீர்கள். நாற்று விட்டதிலிருந்து அறுவடை வரை ஒரு செடி சுமார் 4 லிட்டர் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். மூடியில் 15 செ.மீ. இடைவெளி விட்டு, 2 அங்குல நெட் பாட்டின் (வலைபோல் துளையுள்ள சின்னக் கிண்ணம்) விளிம்பு மட்டும் மேலே தங்கும்படி துளை வெட்டுங்கள். இரண்டரை செ.மீ. ஸ்பாஞ்சுத் துண்டில் விதை முளைத்து, இரண்டு நிஜ இலை விட்டதும் நெட் பாட்டுக்குள் இறக்கலாம். முதல் நாள் கரைசல் பாட்டின் அடிப்பகுதியை 1 செ.மீ. தொட்டால் போதும்.

இந்த முறையில் செடி சாவதற்கு முக்கியக் காரணம் அளவுக்கு மீறிய கவனிப்பு. மட்டம் இறங்கியதைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மறுபடி விளிம்பு வரை நிரப்பிவிடுகிறார்கள். காற்றுக்குப் பழகிய மேல்வேர் மூழ்கி மூச்சுத் திணறும்; இரண்டு நாளில் நிறையத் தண்ணீருக்கு நடுவிலேயே செடி வாடி நிற்கும். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பிறகு ஊற்றுங்கள். பாதி மட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கொசு. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர் இருந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட வந்துவிடும். காலியான துளை ஒவ்வொன்றையும் தெர்மாகோல் அடைப்பான் வைத்து மூடுங்கள். பாட்டுக்கும் துளைக்கும் நடுவே விரிசல் இருந்தால் டேப் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 30ஐத் தொட்டால், ஃப்ரீசரில் உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டிலை மூடியோடு பெட்டிக்குள் போடலாம். 20 லிட்டர் தண்ணீர் அதில் சுமார் 5 டிகிரி இறங்கும். தெர்மாகோல் பெட்டியாக இருந்தால் அந்தக் குளிர்ச்சி பிற்பகலைக் கடத்திவிடும். தினமும் செய்ய முடியாதவர்கள் அந்த மாதங்களில் லெட்டூஸை விட்டுவிட்டுப் பேசிலுக்கும் பாலக்குக்கும் மாறுவதே நல்லது.

காற்றுக் குமிழிப் பெட்டி

இதே பெட்டிக்குள் மீன் தொட்டி ஏர் பம்ப்பும், காற்றைக் குமிழியாகப் பிரிக்கும் ஏர் ஸ்டோனும் சேர்ந்தால் இந்த முறை. ஆக்சிஜன் தொடர்ந்து கிடைப்பதால் வளர்ச்சி வேகமாக இருக்கும். நடுவில் தண்ணீரை நிரப்புவதிலும் பயமில்லை. 3 முதல் 5 வாட் பம்ப் 20 லிட்டருக்குத் தாராளம், மின்செலவு பொருட்டே அல்ல. ஆனால் பம்ப் அறைக் காற்றைத்தான் உள்ளே அனுப்பும். அறையில் 34 டிகிரி என்றால் குமிழியும் அந்தச் சூட்டில்தான் வரும். தெர்மாகோல் தரும் பாதுகாப்பை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ஏசி ஓடும் அறை, ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, அல்லது மார்கழி, தை மாதங்கள் என்றால் இதன் முழுப் பலனும் கிடைக்கும்.

பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் டியூப் வழியே தண்ணீர் பின்னோக்கி வந்து பம்ப்பை நனைத்துவிடும், தரையும் நாசமாகும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றையும் டியூப்பில் மாட்டிவிடுங்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே எப்போதும் 3 செ.மீ. விட்டுவைத்தால், பம்ப் நின்ற நேரத்தில் செடி காற்றுவெளியை வைத்துச் சமாளிக்கும். படுக்கையறையில் வைப்பதாக இருந்தால், பம்ப்பை ஸ்பாஞ்சின் மேல் உட்காரவைக்காவிட்டால் இரவெல்லாம் ரீங்காரம் கேட்கும்.

குழாய் வரிசையும் கோபுரமும்

படங்களில் அழகாகத் தெரியும் வெள்ளைக் குழாய் அமைப்பில், சாய்வான குழாயின் அடியில் மெல்லிய படலமாகக் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். வணிகப் பண்ணைக்கு இது அருமையான முறை. அறைக்குள் வேண்டாம் என்பதே இங்கே சொல்லும் ஆலோசனை, காரணங்கள் தெளிவானவை.

குழாயில் தேங்கும் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. கோடைப் பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் வேர் காயத் தொடங்கும். இன்வெர்ட்டரில் இணைக்காமல் இதை நடத்த முடியாது. அடுத்தது பம்ப்பின் சூடு. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் 20 வாட் பம்ப் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ முழுவதையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாற்றுகிறது. 20 லிட்டர் தொட்டியில், வெப்பம் வெளியேற வழியில்லை என்றால், மணிக்கு 0.9 டிகிரி வரை சூட்டை ஏற்ற அது போதும். 15 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் ஓய்வு என டைமர் வைத்தால் பாதி குறையும், பிரச்சினை தீராது. வட்டமான பிவிசி குழாயில் ஓடை ஒரு ஒடுங்கிய கோடாக இருப்பதால், சின்ன நாற்றின் வேர் அதை எட்டாமலே காய்வதும் உண்டு; இந்த முறைதான் வேண்டும் என்பவர்கள் தட்டையான அடிப்பாகமுள்ள சேனலையே வாங்க வேண்டும். மூன்று மீட்டர் குழாய்க்கு 8 முதல் 10 செ.மீ. சாய்வு, நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓட்டம் என்பது வழக்கம். புதினாவை மட்டும் இதில் வைக்கவே வைக்காதீர்கள். அதன் வேர் பாய்போல் படர்ந்து குழாயை அடைத்துவிடும். தண்ணீர் மேல் துளை வழியே வழிந்து தரைக்கு வரும்.

நிற்கும் தூணைச் சுற்றிச் செடி வைக்கும் கோபுர அமைப்பு மொட்டைமாடிக்கோ வெயில் விழும் பால்கனிக்கோ உரியது. அறைக்குள் ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்தால் மறுபக்கச் செடி வெளுத்துவிடும், சுற்றிலும் விளக்கு வைத்தால் செலவு கைமீறும்.

மேடைமேல் வைக்கும் ரெடிமேட் கிட்

விளக்கு, தொட்டி, பம்ப், டைமர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் இந்தச் சாதனங்களின் பலம், அவை கேட்கும் கவனம் மிகக் குறைவு என்பது. பொருத்தும் வேலை எதுவும் பிடிக்காதவர்கள், வேலைக்குப் போய்விட்டு இரவில் வீடு திரும்புகிறவர்கள் ஆகியோருக்குப் பேசில், பார்ஸ்லி, தைம் மாதிரி கொஞ்சமாகத் தேவைப்படும் மூலிகைகளை இது நன்றாகவே தரும். ஒரு குடும்பத்துக்குக் கூட்டுக்குப் போதும் கீரையை இதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது.

வாங்கும்போது துளை எண்ணிக்கையைவிடத் தொட்டிக் கொள்ளளவைப் பாருங்கள். 12 துளைக்கு 4 லிட்டர் என்றால், செடிகள் வளர்ந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றியாக வேண்டும். நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் எல்லாம் காய்ந்திருக்கும். சின்னத் தொட்டி என்பதால் சூடும் சத்தின் அடர்த்தியும் வேகமாக ஏறும். 12 துளை உள்ள கிட்டில் ஆறு செடி மட்டும் வைத்து மற்றவற்றை மூடிவைப்பது உத்தமம். ஒரு பேசில் பெரிதானாலே சுற்றியுள்ள நான்கையும் நிழலில் தள்ளிவிடும். விளக்குத் தண்டு குறைந்தது 40 செ.மீ. உயர வேண்டும். விளக்கின் வாட் எவ்வளவு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சாதாரண ஸ்பாஞ்சும் சாதாரணக் கரைசலும் போட்டு ஓட்ட முடியுமா என்பதும் முக்கியம். கிளிக் அண்ட் குரோ போன்றவை தங்களுக்கே உரிய சத்துமண் உருளையை நம்பியவை. ஏரோகார்டன் மூடப்படுவதாக 2024 அக்டோபரில் அறிவிப்பு வந்தபோது, விதைக் குப்பிக்கும் செயலிக்கும் இனி என்ன செய்வது என்ற கேள்வி அதை வைத்திருந்தவர்களுக்கு எழுந்தது. பிறகு அது விற்பனைக்குத் திரும்பியது வேறு விஷயம். எந்தக் கம்பெனியின் பெட்டியானாலும், கம்பெனி இல்லாமலும் அது ஓட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி வரும் சாதனம் என்றால், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா எனப் பார்க்காமல் நம் பிளக்கில் சொருகாதீர்கள்.

எதை வாங்கினாலும் தண்ணீரும் சத்தும்

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகள் கொடுத்துவைத்தவை. அந்த மென்னீரில் நேரடியாகச் சத்தைக் கலக்கலாம். போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பின் அளவு) 400ஐத் தாண்டினால் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து இறக்குங்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் சோடியத்தைச் செடி அதிகம் எடுத்துக்கொள்ளாது. அது தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். பைகார்பனேட் பிஎச்சை (அமில, காரத் தன்மையின் அளவை) மேலே இழுக்கும். ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீரில் இவை இன்னும் செறிந்திருக்கும், அதைச் சேர்க்கவே கூடாது.

சத்துக்கு ஏ, பி என இரண்டு பாட்டிலாக வரும் ஹைட்ரோபோனிக்ஸ் கரைசலையே வாங்குங்கள். ஒன்றில் கால்சியம், மற்றதில் பாஸ்பேட்டும் சல்பேட்டும் இருக்கும். அடர்த்தியாகவே இரண்டையும் சேர்த்தால் சுண்ணாம்புபோல் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், அந்தச் சத்து செடிக்குக் கிடைக்காது. தண்ணீரில் முதலில் ஏ, நன்றாகக் கலக்கி, பிறகு பி. உரக்கடை 19:19:19 விலை குறைவுதான். ஆனால் அதில் கால்சியம் இல்லை, நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும். சுத்தமான தொட்டித் தண்ணீரில் அந்த வேலை சரியாக நடக்காது.

கரைசலின் சத்து அடர்த்தியை மின்கடத்தும் திறனை வைத்துக் காட்டும் இசி மீட்டரில் லெட்டூஸுக்கு 0.8 முதல் 1.2, பேசிலுக்கும் கொத்தமல்லிக்கும் 1.2 முதல் 1.6, புதினாவுக்கும் பாலக்குக்கும் 1.8 முதல் 2.2 என்று வையுங்கள். உங்கள் மீட்டர் பிபிஎம் காட்டினால், பெரும்பாலான மலிவு மீட்டர்களில் 500 பிபிஎம் என்பது இசி 1.0. கோடையில் செடி சத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிப்பதால் கரைசல் தானாகவே அடர்ந்துவிடும். அப்போது குறைந்த அளவில் தொடங்கி, பாதியில் வெறும் தண்ணீரையே சேருங்கள். பிஎச் 5.5 முதல் 6.5 வரை. சத்தைக் கலந்த பிறகே பிஎச்சைத் திருத்த வேண்டும். எலுமிச்சைச் சாறும் சிட்ரிக் அமிலமும் சில நாளில் பலனிழக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த பிஎச் டவுன் நிலைத்திருக்கும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், இரும்புச் சத்தை வாங்க ஓடாமல் முதலில் பிஎச்சை அளந்து பாருங்கள், பெரும்பாலும் 7ஐத் தாண்டியிருக்கும். லெட்டூஸின் உள்ளிலை நுனி கருகினால், கரைசலில் கால்சியம் இருந்தும் அது இலைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஒரு சின்ன ஃபேனைச் செடிமேல் மெல்லக் காற்று படும்படி ஓடவிட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

எதை வளர்ப்பது, எதைக் கடையில் வாங்குவது

அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரையை விளக்கு வெளிச்சத்தில் வளர்க்காதீர்கள். அவை கடும் வெயிலுக்குரிய செடிகள். 14,000 லக்ஸில் தண்டு நீண்டு துவளும். தெருவில் தினமும் புதிதாக வரும் கட்டுக்கீரையோடு மின்செலவு போட்டி போடவும் முடியாது. முருங்கையும் கறிவேப்பிலையும் மரங்கள். வெந்தயக்கீரையைக் குட்டையாகவே அறுப்பதானால் ஒரு தட்டில் கொஞ்சம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போதும், இந்த அமைப்பு எதுவும் வேண்டாம்.

நம் ஊர் வீட்டுக்குள் நன்றாக வருபவை பேசில், புதினா, பாலக், வல்லாரை, குளிர் மாதங்களில் லெட்டூஸ். விதைப் பாக்கெட்டில் ஸ்பினச் என்று இருப்பது குளிர்ப்பகுதிச் செடி, நம் சூட்டில் வேரழுகும். பாலக் வேறு இனம், தாங்கும். புதினாவுக்கு விதை தேவையில்லை. கடைக்கட்டிலிருந்து தடித்த தண்டாக எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் பத்து நாளுக்குள் வேர் விடும். அதற்குத் தனிப் பெட்டி கொடுங்கள். கொத்தமல்லி கொஞ்சம் அடம்பிடிக்கும். விதையை லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஒரு பாட்டுக்கு எட்டுப் பத்தாக நேரடியாகவே போடுங்கள். ஆணிவேர்ச் செடி என்பதால் இடம் மாற்றினால் முறைத்துக்கொண்டு பூக்கும். 35, 40 நாளில் மொத்தமாக அறுத்துவிட வேண்டும்.

இருவர் வாழும் வீட்டுக்குச் சட்னிக்குப் புதினாவும் கொஞ்சம் பேசிலும் போதுமென்றால், வெளியே செய்தித்தாள் சுற்றிய இரண்டு 2 லிட்டர் ஜாடிகளும் ஒரு டியூப்லைட்டும் தாராளம். கிட் வாங்கவே வேண்டாம். நால்வர் உள்ள வீட்டில் வாரம் இரண்டு முறை சாலட்டோ பாலக் கூட்டோ வேண்டுமென்றால் இரும்பு ரேக், நான்கு டியூப், இரண்டு தெர்மாகோல் பெட்டி. பகலில் ஏசி அறையில் இருந்தே வேலை செய்பவர் அதே பெட்டிகளுக்கு ஏர் பம்ப் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பெட்டியிலும் ஒரே நாளில் விதைத்தால் ஒரு வாரம் இலை மிஞ்சும், அடுத்த மாதம் எதுவும் இருக்காது; பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள். ஒரு பெட்டி காலியானதும் பழைய கரைசலை மண் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. பிளீச்சிங் திரவம் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, வாசனை போகும்வரை கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த நாற்றை இறக்குங்கள்.